பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பாலைவனம்

"கண்ணை மூடிக்கோங்க மதாம். இந்த இடத்துல பாலைவனம் பேசும்."

பிரெஞ்சுப் பயணி மதாம் ஓதில், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். மப்ரூக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்ரோல் பங்கை வேகமாகக் கடந்தான்.

தூஸ் ஊரைத் தாண்டினால் சஹாரா என்று எல்லாப் பலகைகளும் சொல்கின்றன. பயணிகள் தங்கும் கூடாரங்களோ ஊரையொட்டிய மணல்மேட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. நேரே ஏறி இறங்கினால் ஒரு சிகரெட் தீருவதற்குள் போய்விடலாம்.

ஆனால் பாலைவனத்தின் நட்டநடுவைத் தேடி லியோனிலிருந்து வந்த மனுஷியை ஒரு சிகரெட் தூரத்தில் இறக்கிவிட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால் மப்ரூக் அதே மேட்டைச் சுற்றுவான். வெயில் சாயும்வரை சுற்றுவான்.

இன்று கால்தான் சுற்றியது, மனசு சுற்றவில்லை.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. செல்மாவைப் பெண் கேட்டு காபெசிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் குடும்பம் வருகிறது. காலையில் ரொட்டிக்கடை வாசலில் செல்மா இவனை வழிமறித்து, "வாயை மூடிக்கிட்டு ஒட்டகத்தோட சுத்து. நான் காபெஸ் போய் மாத்திரை எண்ணுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் அப்பா தாவு ஹாஜியாரிடம் மப்ரூக் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாகிவிட்டது. இரண்டு முறையும் ஒரே பதில்: "உன் தொழில் எனக்குப் பிடிக்கல."

பிடிக்காமல்தான் தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவன் சுற்றுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஏமாற்றிப் பிழைக்கிறவனுக்குப் பெண் இல்லை என்கிறார், வேறென்ன? அதைப் பொய்யென்று சொல்ல மப்ரூக்கிடமும் வழியில்லை.

ஒட்டகம் வேறு படுத்தும். ஹஜ்ஜுக்குப் போகும்முன் ஹாஜியார் விற்ற கிழட்டு ஒட்டகம், கைமாறிக் கைமாறி இவனிடம் வந்து சேர்ந்தது. பங்க் பக்கம் வளைந்தாலே வெளிமணலைப் பார்த்து இழுக்கும். மப்ரூக் இந்தப் பக்கம் இழுப்பான். இந்த ஊருக்கு அவன் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. மூன்று வருஷமாக இந்த இழுபறிதான். ஹாஜியார் அந்தக் காலத்தில் ஒட்டகத்தை எதற்கு வைத்திருந்தார் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. மக்கா போய் வந்தவரின் பழைய கதையைக் கிளறக் கூடாதாம்.

அப்போதுதான் காற்று கிளம்பியது. மணலை வாரி முகத்தில் அடித்தது. ஊரே புழுதியில் மறைந்துபோனது.

மப்ரூக் கண்ணைத் துடைப்பதற்குள் ஒட்டகம் கயிற்றை உதறிக்கொண்டு நடந்து, ஒரு மண்சுவர்க் கதவின் முன் போய் மண்டியிட்டது. ஹாஜியார் வீட்டுப் புழக்கடை.

"அடேயப்பா, நடுப் பாலைவனத்துல ஒத்த வீடு!" என்று மதாம் பூரித்துப்போனார்.

கதவைத் திறந்தவர் ஹாஜியாரேதான்.

அந்த வீட்டு வழக்கம் ஊருக்கே தெரியும். முன்வாசலில் வருகிறவன் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மணல்பக்கமாக, புழக்கடை வழியே வருகிறவர் விருந்தாளி. மூன்று கிளாஸ் தேநீர் முடியும்வரை யார், எவர் என்று கேட்கக் கூடாது. மூன்றாவது கிளாசில் விருந்தாளி எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது.

மதாமைப் பெரிய மெத்தையில் உட்காரவைத்தார்கள். பேரீச்சம்பழம் வந்தது, மோர் வந்தது. மப்ரூக் கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முன்தெருவில் ஒரு மொபெட் அலறிக்கொண்டு போனது.

"அது என்ன சத்தம்?"

"காத்து, மதாம்."

மூன்றாவது கிளாஸ் வந்தது. ஹாஜியார் அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார். "விருந்தாளிக்கு என்ன வேணும்னு கேளு."

மப்ரூக் பிரெஞ்சில் கேட்டான். மதாம் கொஞ்சம் யோசித்தார். "ஊர்லேருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?"

மப்ரூக் வாயைத் திறந்தான். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தான்.

"உங்க பொண்ணு செல்மாவை எனக்குக் கட்டிக் குடுக்கணுமாம், ஹாஜியாரே. இந்தம்மா ரொம்ப ஆசைப்படுறாங்க."

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து உருண்டது.

"இத்துனூண்டு பேச்சுக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்றார் ஹாஜியார்.

"பிரெஞ்சு சுருக்கமான பாஷைங்க."

ஹாஜியார் தாடியை நீவினார். நீவிக்கொண்டே இருந்தார். மப்ரூக்குக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு அவர் இரண்டு கைகளையும் ஏந்தி ஃபாத்திஹா ஓதத் தொடங்கினார். ஓதிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. நாளைக்குக் காபெசிலிருந்து யார் வந்தாலும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மதாமும் மரியாதையாகக் கைகளை ஏந்திக்கொண்டார். மப்ரூக் வெட்கமில்லாமல் அழுதான்.

"எவ்வளவு தூரமாம்? ஏன் அழறே?" என்று மதாம் பதறினார்.

"நாலு நாள் தூரமாம், மதாம்."

ஹாஜியார் கிளாசைக் கீழே வைத்தார். மதாம் பக்கம் திரும்பினார். மப்ரூக்கின் பிரெஞ்சைவிடச் சுத்தமான பிரெஞ்சில் பேசினார்.

"சின்னப் பையன், பாதை பழகல. ஆறு நாள், மதாம்."

மப்ரூக்கின் அழுகை பாதியில் நின்றது.

ஹாஜியார் அவன் காதருகே குனிந்தார்.

"இருபது வருஷம் இதே மேட்டைச் சுத்துனவன்டா நான். ஒரு விருந்தாளியைக் கண்ணை மூடச் சொன்னதில்ல. ஒரு மேடு தள்ளிச் சுத்துனா பெட்ரோல் பங்கு தெரியவே தெரியாது. அந்த ஒட்டகம் தினம் இழுத்து இழுத்துச் சொல்லுது, உனக்கு உறைக்கல. அப்புறம் உன் தொழில் எனக்கு எப்படிடா பிடிக்கும்?"