கினிப்பன்றியின் இடது

"இடது கண்ணைப் பாருங்க சார். தும்பைப்பூ மாதிரி வெள்ளை!"

ஆய்வக இயக்குநர் கினிப்பன்றியைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினார். தொட்டால் கடித்துவிடுமாம்.

மருந்துக் கம்பெனிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். திருப்தி என்றால் இன்றே கையெழுத்து. அப்புறம் இயக்குநர் கண்டுபிடித்த சொட்டு மருந்து, ஊரிலுள்ள குழந்தைகளின் கண்ணிலெல்லாம் விழும்.

கினிப்பன்றி என் கைகளுக்குள் நடுங்கியது.

காலையில் அதன் இரண்டு கண்ணிலும் மகரந்தத்தூளைப் போட்டு அரிப்பை வரவழைத்திருந்தார்கள். பிறகு ஒரு கண்ணில் புது மருந்து. இன்னொன்றில், எந்தக் கடையிலும் கிடைக்கும் பழைய மருந்து.

எதில் எது என்பது, சிவப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் எனக்குத் தெரியக் கூடாது. இயக்குநருக்கும்தான். ஆய்வு முடியும்வரை அந்த ரகசியம் பெட்டிக்குள் பூட்டியே இருக்க வேண்டும்.

இந்த மேதை பூட்டைத் திறந்து பார்த்துவிட்டார். இடது கண், புது மருந்து.

திருடியது கேவலம். திருடியதன் அர்த்தம்கூடப் புரியாதது அதைவிடக் கேவலம்.

"வலது கண்ணுல அந்தப் பழைய மருந்து. மிளகாய்ப்பழமா சிவந்து கிடக்கு பாருங்க. சந்தேகம்னா நம்ம டாக்டரம்மாவையே கேளுங்க."

எனக்கு உத்தரவு காலையில் கிளம்பும்போதே வந்தாயிற்று: தலையை மட்டும் ஆட்டு, போதும்.

கம்பெனிக்காரர் என் பக்கம் திரும்பினார். "புது மருந்து இடது கண்ணுலதானா டாக்டர்?"

ஆட்டினேன்.

"ஆமா சார். எங்க சார்தான் பெட்டியத் திறந்தே பார்த்துட்டாரே. ஆனா இடதுன்னா, இதோட இடது. எதிர்ல நிக்கிற நம்மோட இடது இல்ல."

கினிப்பன்றியைத் திருப்பி, அவர் பார்க்கும் திசையிலேயே அதுவும் பார்க்கும்படி பிடித்தேன்.

மிளகாய்ப்பழம் இடப்பக்கம் வந்து நின்றது.

கம்பெனிக்காரர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார்.

இயக்குநர் தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கினிப்பன்றியின் இடது கண்ணில் பழைய மருந்தை ஒரு சொட்டு விட்டேன். அதைக் கூண்டில் விட்டேன். கையுறைகளைக் கழற்றினேன்.

"என்னங்க," என்றேன். ஆய்வகத்துக்குள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கார் சாவியக் குடுங்க. வீட்டுக்கு நானே ஓட்டறேன். உங்களுக்குத்தான் இடது வலது தெரியலையே."