சின்ன மெஷின் போதும்

"சின்ன மெஷினே போதும்ங்க" என்று மறுபடியும் ஆரம்பித்தாள் அவள்.

கணவன் முறைத்தான். மெஷின் வாடகைக்கு விடும் கடையில், அதுவும் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்படியா ஒருத்தி மானத்தை வாங்குவாள்?

"சண்டையை வீட்ல வச்சுக்கோங்க. முதல்ல வேலை என்னன்னு சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"அப்பாவோட நிலம் சார். பாதி எனக்கு, பாதி அக்காவுக்கு. நடுவுல ஒரு வரிசை, அங்கங்கே கொஞ்சம்னு மரங்க இருந்துச்சு. வெட்டி வித்தாச்சு. அடிக்கட்டைங்க மட்டும் அப்படியே நிக்குது. அக்கா காய்கறி போடப் போறாங்க. அதான் நிலத்தைத் திருத்தணும்."

கடைக்காரர் முதலில் சின்ன மெஷினைக் காட்டினார். "இதுல இருக்கிற பல் சக்கரம் கட்டையைச் சீவித் தூளாக்கிடும். தரைக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும் போகும். மிச்ச வேர் மண்ணுக்குள்ளேயே கிடக்கும், மெதுவா மக்கிப் போகும். காய்கறிக்கு இது தாராளம்."

"அப்போ அது?"

பின்னால் பெரிய புல்டோசர் நின்றது. முன்பக்கம் சீப்பு மாதிரி நீள நீளமாக இரும்புப் பற்கள்.

"அது வேரோட பிடுங்கி, மண்ணைப் புரட்டி, மைதானமா ஆக்கிடும். ஆனா வாடகை எகிறும் தம்பி. உங்க வேலைக்கு அது தேவையே இல்ல."

"அதான் அவரே சொல்றாரே!" என்று குறுக்கே விழுந்தாள் மனைவி. "வேர் பாட்டுக்கு உள்ளே கிடந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"நீ கொஞ்சம் வாயை மூடறியா? சார், பெரிய வண்டியே வரட்டும். அக்கா பக்கத்தையும் சேர்த்துச் சமப்படுத்திடுங்க. மொத்த வாடகையும் என் பொறுப்பு."

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பாதி நிலமும், அதிலிருக்கும் கிணறும்தான்.

"உனக்கு எதுக்குடா இவ்வளவு செலவு?"

"கூடப் பிறந்தவளுக்குச் செய்யாம வேற யாருக்குக்கா செய்யப் போறேன்?"

மனைவி விடவில்லை. "மர வரிசையை ஒட்டித்தான் கிணறு இருக்கு. அவ்வளவு பெரிய வண்டி ஓடினா கிணத்துச் சுவர் சரிஞ்சிடாதா?"

"டிரைவர் பார்த்துப்பாரும்மா" என்றார் கடைக்காரர்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உங்க அப்பா வீட்டுப் பணமா போகுது? என் தம்பி எனக்குச் செய்யறது உனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. அதை நேராவே சொல்லிடேன்!"

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். கணவனைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

புல்டோசர் வந்த அன்று தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. தம்பி வெயிலில் வண்டி கூடவே ஓடினான். "அந்த நடு வரிசையில ஒரு வேர்கூட மிஞ்சக்கூடாது டிரைவர்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

பிடுங்கிய கட்டைகளில் நாலைந்தை விறகுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள் அக்கா.

"வேணாம்க்கா. கரையான் வரும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் உருகினார்கள். அவன் மனைவியைத்தான் ஒருத்தரும் சும்மா விடவில்லை. கஞ்சப் பிசினாறி என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள், பாவம்.

மறுநாள் காலையில் விதைப் பொட்டலங்களோடு நிலத்துக்குப் போன அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

தம்பி ஆள் வைத்து வேலிக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தான். கம்ப வரிசை கிணற்றைத் தாண்டி, அவள் பக்கத்தில் வெகுதூரம் உள்ளே வந்திருந்தது.

"டேய், என்னடா இது? கிணறு உன் பக்கம் போயிடுச்சே! ஆளுங்க தப்பா நடறாங்க பாரு."

"சரியாத்தான்க்கா நடறாங்க."

"என்ன சரி? மர வரிசைதானேடா எல்லை? அப்பா வாயால சொன்னதும் அதான், அளவு எதுவும் போடாம பத்திரத்துல எழுதினதும் அதான். மரத்துக்கு இந்தப் பக்கம் என்னுது."

தம்பி கொஞ்சம்கூடக் கூசாமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எந்த மரம்க்கா?"

சொல்லிவிட்டு, கம்பத்துக்குக் கயிறு பிடிக்கப் போய்விட்டான்.

அக்கா தெருக்காரர்களைக் கூப்பிட்டாள். நேற்று உருகிய அதே ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். அக்கா தம்பிக்குள்ளே நமக்கென்ன வம்பு என்று நைசாக நழுவினார்கள்.

வரிசை இருந்த இடம் என்று நினைத்த இடத்தில் உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். அங்கே இல்லையென்று தள்ளிப் போய்த் தோண்டினாள். எங்கே தோண்டினாலும் மாவு மாதிரி பொலபொலவென்று மண். ஒரு சல்லி வேர்கூட கைக்குத் தட்டுப்படவில்லை.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி. அவளும் மண்ணை அளைந்து பார்த்தாள்.

"அவரை மீறி வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரலை, அண்ணி" என்றாள். "வேராவது மண்ணுக்குள்ள கிடந்து உங்களுக்குச் சாட்சி சொல்லட்டும்னுதான் அந்தச் சின்ன மெஷினைக் கேட்டேன்."