எதிர்வீட்டு ஸ்க்ரூடிரைவர்

எதிர்வீட்டு காலிங் பெல்லை அழுத்தினேன். சத்தம் வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். பொத்தான் உள்ளே போனது, வெளியே வர யோசித்தது. பின்னால் ஒரு கம்பி விட்டிருக்கும். இரண்டு நிமிட வேலை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கு இந்தக் கதவு திறக்காமல் நான் வீட்டுக்குள் போவதாக இல்லை.

நாளைக் காலை புது வேலையில் சேர வேண்டும். சேர்ந்தால் பகல் முழுக்க அப்பா தனியாக இருப்பார். பக்கவாதம் வந்த பிறகு ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். போன வாரம் நான் சாமான் வாங்கப் போயிருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

குண்டூசி விழுந்தாலும் கேட்கிற இடம் என்று சொல்லித்தான் தரகர் இந்த வீட்டைக் காட்டினார். அப்பா விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை.

கேட்டிருக்கும். யாருடைய அப்பா என்றுதான் தெரிந்திருக்காது.

இந்தப் பகுதியில் குப்பை வண்டிகூட ரகசியம் சொல்ல வந்ததுபோல் வந்துவிட்டுப் போகும். சாயங்காலம் ஜன்னல்களில் விளக்கு எரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். யாரோ படித்து முடித்து மூடி வைத்த புத்தகத்துக்குள் குடிவந்துவிட்டோமோ என்று சில நாள் தோன்றும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். பகலில் ஒரு தடவை அப்பாவை எட்டிப் பார்க்க முடியுமா என்று. "அதுக்கென்ன, பாத்துட்டாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து அவர் பின்பக்கப் படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார்.

எதிர்வீட்டில் அதைக் கேட்கப்போவதில்லை.

விரல்முட்டியால் தட்டினேன். உள்ளே செருப்புச் சத்தம் நடந்து வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மறுபடி தட்டினேன். செருப்பு அசையவில்லை. அடுத்த தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

சங்கிலி போட்டபடி கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார்.

"எதுவும் வாங்கறதா இல்ல."

"விக்க வரலக்கா. எதிர்வீடு. ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா குடுங்களேன்."

"எதிர்வீடா? அங்க ஆள் இருக்காங்களா?"

மூன்று வாரமாக என் செருப்பு இவர் கதவைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறது.

"நானும் அப்பாவும் இருக்கோம்கா."

என்ன ரிப்பேர் என்று கேட்டார். ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்றேன். ஒரு நாளும் ஆடாத கொக்கி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனாலும் நின்றேன். உள்ளே ஒரு இழுப்பறை முனகித் திறந்தது. கரண்டிகள் குலுங்கின. பிறகு, சங்கிலி விழுகிற சத்தம்.

பிடியில் டேப் சுற்றி, முனை வளைந்து, எந்தத் திருகிலும் உட்காராத ஒரு ஸ்க்ரூடிரைவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"டப்பா மூடி நெம்பறதுக்கு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. தொலைச்சுடாதீங்க. எப்பத் தருவீங்க?"

"நாளைலேர்ந்து நான் வேலைக்குப் போயிடுவேன்கா. அப்பா வீட்லதான் இருப்பார். வேணுங்கறப்ப வந்து வாங்கிக்கோங்க. நல்லா பலமா தட்டுங்க, எழுந்து வர நேரமாகும்."

"காது மந்தமா?"

"கால் மட்டும்தான்கா. வாயெல்லாம் நல்லாருக்கு."

அவர் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கதவு மூடியது.

என் வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, நாளைக்கு நான் கொண்டுபோக வேண்டிய பையை மடியில் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப். முன்னால் இருந்த ஸ்டூலில், சுண்டுவிரல் அளவிலிருந்து முழங்கை நீளம்வரை, என் ஸ்க்ரூடிரைவர்கள் வரிசையாகக் கிடந்தன. பத்து வருஷமாக வயரிங் வேலை செய்து சேர்த்தவை.

என் கையிலிருந்ததை அப்பா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இத வெச்சு எதத் திருகப்போற?"

"நான் ஒண்ணும் திருகல. அந்த அக்கா இதக் கேட்டு வருவாங்க. வந்தா உடனே எடுத்துக் குடுத்துடாதீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். திறந்திருந்த வாசல் வழியாக எதிர்க்கதவைப் பார்த்தார்.

"எங்க வெச்சேன்னு ஞாபகம் வரலம்மா, தேடி வைக்கறேன், நாளைக்கும் ஒரு தடவ வந்துட்டுப் போங்கன்னு சொல்லிடறேன்."

வளைந்த ஸ்க்ரூடிரைவரை நாற்காலி மெத்தைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.