பன்னிரண்டாம் மாடி எலி

"பன்னெண்டாம் மாடிக்கு எந்த எலி ஏறி வருதுன்னு இந்த வருஷம் பாத்துடறேன், சுன்மி அம்மா."

குளிர்காற்று புகாமலிருக்க ஜன்னல் ஓரத்தில் பஞ்சு டேப்பை அழுத்தி ஒட்டியபடியே சொன்னார் தொக்பே. கிழவருக்கு வாய்க்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை. மனைவி ஓக்பூன் டேப் சுருளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கீழே தெருவோர மரங்கள் மஞ்சளாகிவிட்டன. அந்த நிறத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பழைய சுரங்கக் குடியிருப்பு ஞாபகம் வந்துவிடும். ஒற்றை அறை, மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவு, தரையைச் சூடாக்க அதற்கு அடியில் கரி அடுப்பு. குளிர் வருமுன் ஒரு லீவு நாளில் தொக்பே கதவின் பழைய தாளைக் கிழித்து, மரச்சட்டத்தைக் கழுவி, புதுத் தாள் ஒட்டுவார். கைப்பிடிக்குப் பக்கத்தில் அவளுக்காக ஒரு சிவப்பு இலையையும் தாளுக்குள் வைப்பார். எவ்வளவு அழகான கதவு அது! இப்போது நினைத்தாலும் மனசு ஏங்குகிறது.

ஆனால் ஓர் இலையுதிர் காலத்தில், பக்கத்து அறையில் புதிதாகக் குடிவந்த ஜோடி காலையில் எழுந்திருக்கவே இல்லை. அடுப்பிலிருந்து கசிந்த விஷவாயு. வாசனைகூட இருக்காதாம். அன்றிலிருந்து அடைத்த அறையில் ஓக்பூனுக்குத் தூக்கம் வரவில்லை. கதவில் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"சுரங்கத்துல வாயு பாக்க ஆள் வெச்சிருக்காங்க. வீட்டுல யாரு இருக்கா?"

"நீதான் இருக்கியே. போர்த்திக்கிட்டுத் தூங்கு" என்று சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை கதவின் கீழ் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எலி என்றாள் ஓக்பூன். அதன்பிறகு வருஷாவருஷம் புதுத் தாள் ஒட்டியதும் எலி வந்தது. அவரும் திட்டிக்கொண்டே பொறி வைத்தார். ஒரு எலியும் சிக்கவில்லை. எப்படிச் சிக்கும்? எச்சில் தொட்ட விரலால் தாளைக் குத்திய எலி, அவர் பக்கத்திலேயே அல்லவா படுத்திருந்தது!

புதிதாகக் குடிவந்த இந்த அடுக்குமாடி வீட்டில் கரியும் இல்லை, புகையும் இல்லை. தரையைச் சுடுநீர்க் குழாய்தான் சூடாக்குகிறது. மகள் சுன்மி எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பயம் போகவில்லை. ஜன்னலை இப்படி இறுக அடைத்துவிட்டால் இந்தக் குளிர்காலம் முழுக்கத் தூக்கம் போச்சு.

வேலை முடிந்து தொக்பே கை கழுவப் போனார். ஓக்பூன் மெதுவாகக் குனிந்து கீழ் மூலையில் நகத்தை வைத்தாள்.

டேப் கையோடு வந்துவிட்டது. அந்த ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் பசையை மூடிய பின்பக்கத் தாள் உரிக்கப்படவே இல்லை.

குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"அந்தக் கதவுலயும் அப்படித்தான். மத்த இடமெல்லாம் ரெண்டு தாள் ஒட்டுவேன், அந்த மூலைக்கு மட்டும் ஒண்ணு. எலிக்கு விரல் வலிக்கக் கூடாதுல்ல, சுன்மி அம்மா?"