ரெம்பியாவுக்குப் போகும் லாரி

பெம்பான் ஊரிலிருந்த சின்னச் சம்சு சாராய ஆலை மூடப்படுவதாகக் கேள்விப்பட்டதும் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள் இந்திராதேவி. புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவள் அவள்.

ஆலை வாசலில் பீப்பாய் ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் நல்லமுத்துவைக் கேட்டாள்.

"ஒரேயடியா மூடிட்டாங்களாண்ணே?"

"மூடலலா, தங்கச்சி. எடம் மாத்துறாங்க. பெரிய கட்டடம், புது மெஷினு. இனிமே சரக்கு நெறைய வரும்."

"எங்க?"

"ரெம்பியாவுல."

அவள் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். ரெம்பியாவிலிருக்கும் வசந்தன் குடியை விட்டுவிட்டான் என்று நம்பித்தான் போன மாதம் மகள் மலர்க்கொடியை அவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

மாலையில் மகளே போன் செய்தாள்.

"அம்மா, அவருக்கு வீட்டுப் பக்கத்துலயே வேல கெடச்சிருச்சு! புது பேக்டரிலா. சம்பளத்தோட தெனமும் ஒரு போத்தல் சும்மாவே குடுப்பாங்களாம். வித்துக்கலாம்னு சொல்றாரு."