நாலில் ஒன்று

மானத்தின் விலை மாதம் பதினோராயிரத்து நானூறு. அறுபது மாதம்.

விற்பனைக்காரன் அதைக் கால்குலேட்டரில் தட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. அவன் நெற்றியைப் பார்த்தாள். அந்த ஏசியிலும் வேர்த்திருந்தது. மாதக் கடைசி. இன்னும் இறங்குவான்.

மாட்டுத் தரகர் மகளிடம் கார் விற்க வேண்டும் என்பது அவன் ஜாதகத்தில் இருந்திருக்கிறது, பாவம்.

கார் அவளுக்குத்தான் வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பஸ்ஸை விட்டிறங்கி, பட்டுப்புடவையோடு வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தாள். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அண்ணி கேட்டாள்.

"பஸ்ஸுலயா வந்தீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் சேர்ந்த சீட்டு முந்தாநாள் முடிந்தது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பணம் பையில். பை மடியில்.

மீதி கடன். அதற்கும் வீட்டிலேயே கணக்குப் போட்டாயிற்று. மில்லில் புருஷன் சம்பளம் நாற்பதாயிரம். காருக்கு அதில் நாலில் ஒன்று. பத்து. மேலே ஒற்றை ரூபாய் கிடையாது.

அவன் தலையாட்டினான். அவள் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஆட்டுகிறவன்தான்.

அன்று கொஞ்சம் தாமதமாக ஆட்டினான்.

இப்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் கை அவள் முந்தானைக்கு அடியில் இருந்தது. குளிருக்கு இழுத்துவிட்டது போல மேசைக்குக் கீழே பரப்பியிருந்தாள். சந்தையில் விரல் பிடித்து மாட்டு விலை பேச அவள் அப்பாவுக்குத் துண்டு. இவளுக்கு முந்தானை. பிடித்த விரல் ஒவ்வொன்றும் பத்தாயிரம். கல்யாணமான புதிதில் விளையாட்டாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. துண்டுக்கு மேலே வாய் எதையும் பேசலாம். துண்டுக்கு அடியில் விரல் பொய் சொல்லக் கூடாது. சொன்னவனுக்கு மறுவாரம் சந்தையில் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

அவள் அவனுடைய ஒரு விரலைப் பிடித்திருந்தாள். பத்து. அவன் மறந்துவிடக் கூடாதே என்று.

"இதுக்கு மேல எறக்குனா என் சம்பளத்துல இருந்துதானுங்க மேடம் போடணும்."

"போடுங்க தம்பி. அக்காளுக்குப் போடாம யாருக்குப் போடப் போறீங்க?"

ஐந்து வருஷம் ஆறு வருஷமாயிற்று. தரை விரிப்பு சும்மா வந்தது. இன்சூரன்சில் கொஞ்சம் கழிந்தது. விற்பனைக்காரன் உள்ளே போய் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தான். இரண்டாவது தடவையும் போனான்.

ஒன்பதாயிரத்து எண்ணூறு.

அவள் மனசுக்குள் அண்ணி வீட்டு வாசலில் போய்க் கதவைத் திறந்து இறங்கியேவிட்டாள்.

விற்பனைக்காரன் கடன் படிவத்தை எடுத்தான். பேனா மூடியைக் கழற்றினான்.

"சாருக்கு மாசம் கைக்கு எவ்வளவுங்க வரும்?"

"நாப்பது" என்றான் அவன்.

அவள் பெருமையோடு அவனுடைய நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள்.

அவன் கை வேர்த்திருந்தது.

ஒரு விரலை உருவிக்கொண்டான்.

பிறகு இன்னொன்றை.

படிவத்தில் பேனா நான்கு போட்டு, பக்கத்தில் சுழியங்களைப் போட்டுக்கொண்டு போனது.

அவள் மிச்சமிருந்த இரண்டு விரல்களையும் ஒரு தடவை அழுத்தினாள். இதுதானா என்று கேட்பது அப்படித்தான்.

விரல்கள் அசையவில்லை.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் விற்பனைக்காரனும் பார்ப்பான்.

இரண்டில் ஒன்று காருக்கு. மீதி ஒன்றில் வாடகை, அரிசி, பிள்ளையின் ஸ்கூல் பீஸ்.

"இந்த எடத்துல சார் ஒரு கையெழுத்துங்க."

அவன் வலது கை மேசைமேல் வந்தது. பேனாவை வாங்கியது. போட்டுவிடுவான். அவள் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஆட்டுகிறவன்.

அவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் காரிடம் போனாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். பானெட்டின் இடது ஓரத்தில் யாரோ துணியால் துடைத்த வட்டத் தடம் ஒன்று வெளிச்சத்தில் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். விரலை அதன்மேல் வைத்தாள்.

"சுழி சரியில்லீங்க தம்பி."

"காருக்கு ஏதுங்க மேடம் சுழி?"

"மாட்டுக்கு இருந்தா இதுக்கும் இருக்கும். எங்க வீட்டுக்காரரு வந்ததுமே வேண்டாம்னாரு. நான்தான் கேக்கல."

விற்பனைக்காரன் திரும்பி அவனைப் பார்த்தான். சொன்ன சொல்லுக்கு நிற்கும் ஆளைப் பார்ப்பது போல.

அவன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்து நிழலில் நின்றதும் அவள் கேட்டாள்.

"எத்தனை மாசமா?"

"ஆறு. மில்லுல ஒரே ஷிப்டுதான் ஓடுது. சம்பளம் பாதி."

"மாசம் பொறந்தா நாப்பதும் என் கையில குடுத்தீங்களே?"

அவன் எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான்.

"கைமாத்து. கணக்குப்புள்ளைகிட்ட. வட்டியில்ல."

கடைசி ஆறு மாதம் சீட்டுக்குக் கட்டியதும் அந்தப் பணத்தில்தான்.

அவள் பையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். ஆறு மாதம், மாதம் இருபது. ஒரு லட்சத்து இருபது கடன். பையில் ஒரு லட்சத்துப் பத்து.

முந்தானையை அவன் கைமேல் போட்டாள். அடியில் தேடி ஒரே ஒரு விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலடித்தான்.

விரலை விடாமலே ஏறினாள்.

பத்து பாக்கி.