செங்குத்து மவுஸ்

கம்ப்யூட்டர் கடைக்குள் வெள்ளை விளக்கில் கண் கூசுகிறது. அனிமேஷன் வரையும் பெண்ணின் மணிக்கட்டு முழுக்கைச் சட்டைக்குள் தீயாய் எரிகிறது. கைகுலுக்குவதுபோல் பிடிக்கிற செங்குத்து மவுஸைப் பற்றுகிறாள். வலி சட்டென்று தணிகிறது. ஒரே இழுப்பில் திரையில் வட்டம் போடுகிறாள். "அது கைவலிக்காரங்க வாங்குறதும்மா," என்கிறார் கடைக்காரர். அவளோடு வந்து பின்னால் நிற்கும் அவளுடைய ஸ்டூடியோ முதலாளியின் வாயில் சூயிங்கம் நின்றுபோகிறது. "உனக்கு வலியா என்ன? வலிக்குதுன்னு சொன்ன பையனை, போய் ரெஸ்ட் எடுன்னு அனுப்பிட்டேன். மொத்தமா!" "ஐயோ, சும்மா பார்த்தேன் சார்." தட்டை மவுஸை எடுக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வட்டம், கோணாமல் முடிகிறது. முதலாளியின் முகம் மலர்கிறது. "பிரமாதம்! அண்ணே, இதுலயே ரெண்டு போடுங்க. ஒண்ணு இவ வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கா!" அவள் சிரிக்கிறாள். கடைக்காரர் நீட்டும் பையை இடது கையால் வாங்கிக்கொள்கிறாள்.